ஆங்கில வழி வகுப்பில் தமிழ்: பெற்றோரும் ஆசிரியர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2012–13 முதல் ஆங்கில வழிப் பிரிவுகள் படிப்படியாக வந்தன. இன்று சிறிய ஊர்ப் பள்ளியில்கூட தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டும் இருக்கின்றன. பிள்ளையின் வீட்டில் ஆங்கிலம் கிடையாது. பல ஆசிரியர்கள் தாங்களே தமிழ் வழியில் படித்து வந்தவர்கள். புத்தகம் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கிறது. இப்படிப்பட்ட வகுப்பில் கணக்கும் அறிவியலும் புரிய வைக்கத் தமிழை எவ்வளவு, எங்கே, எப்படிப் பயன்படுத்தலாம் என்பதுதான் கேள்வி. ஆசிரியர் பயிற்சிகளிலும் பெற்றோர் கூட்டங்களிலும் திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

"ஆங்கில வழின்னு சொல்லித்தானே சேர்த்தோம். அப்புறம் ஏன் தமிழ்ல பாடம் நடத்துறீங்க?"

அறிவியல் வகுப்பில் பிள்ளைக்கு இரண்டு வேலை இருக்கிறது. விஷயம் புரிய வேண்டும், அதைச் சொல்வதற்கான ஆங்கிலமும் வர வேண்டும். வீட்டில் ஆங்கிலம் புழங்காத பிள்ளையிடம் இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்டால், அவன் சுலபமான வழியைக் கண்டுபிடித்துவிடுவான்: புரியாமலேயே மனப்பாடம் செய்துவிடுவான். அதைத் தவிர்க்கத்தான் விஷயத்தை முதலில் தெரிந்த மொழியில் பிடித்துக்கொண்டு, அதன் மேல் ஆங்கிலத்தைக் கொண்டுவருகிறோம்.

ஆனால் உங்கள் கோபத்துக்கு நியாயமான இடம் ஒன்று உண்டு. பாடம் முழுக்கத் தமிழிலேயே முடிந்துபோய், கடைசியில் கேள்வி பதிலை மட்டும் ஆங்கிலத்தில் போர்டில் எழுதிப்போட்டு "படிச்சுட்டு வா" என்று அனுப்பினால், தாராளமாகப் போய்க் கேளுங்கள். அங்கே பிள்ளைக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுக்கப்படவே இல்லை.

"தமிழ்லயே கேட்டுப் பழகிட்டா இங்கிலீஷ் எப்படி வரும்?"

தண்ணீர் ஆவியாவது எப்படி என்று தமிழில் புரிந்துகொண்ட பிள்ளை, ஆங்கிலத்துக்குப் போகும்போது அதைத் திரும்ப முதலிலிருந்து புரிந்துகொள்ள வேண்டியதில்லை. 'எவாப்பரேஷன்' என்ற சொல்லும், அதைச் சுற்றி நாலு வாக்கியமும் போதும். ஒரு மொழியில் பெற்ற அறிவு இன்னொரு மொழிக்கும் உதவும் என்று கனடாவைச் சேர்ந்த ஜிம் கம்மின்ஸ் 1979-ல் எழுதினார். இருமொழிக் கல்வி பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் அவரிடமிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள்.

அதற்காக, தமிழில் நன்றாகப் புரிந்துவிட்டால் ஆங்கிலம் தானாக வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வராது. ஆங்கிலத்தில் பேசவும் படிக்கவும் எழுதவும் தினமும் இடம் கொடுத்தால்தான் வரும். தமிழ் அந்த வேலையைச் சுலபமாக்கும், அவ்வளவுதான்.

"என் பொண்ணு இங்கிலீஷ்ல சரளமா பேசுறா. ஆனா சயின்ஸ் புக்கைத் திறந்தா ஒண்ணும் புரியலங்கிறா. அது எப்படி?"

பேச்சு ஆங்கிலமும் பாட ஆங்கிலமும் ஒன்றல்ல. "மே ஐ கம் இன் மிஸ்" என்பதும், யூடியூப் பார்த்துப் பேசுவதும், எதிரில் இருக்கும் ஆள், பொருள், சைகை எல்லாம் சேர்ந்து புரிவது. பாடப்புத்தகத்தில் அந்தத் துணை எதுவும் இல்லை. 'தேர்ஃபோர்', 'அஸ்யூம்', 'ரெஸ்பெக்டிவ்லி' போன்ற சொற்களை யாரும் விளையாடும்போது பேசுவதில்லை. அறிவியல் சொற்களைக்கூட ஆசிரியர் விளக்கிவிடுவார். இந்த இணைப்புச் சொற்களை யாரும் விளக்குவதில்லை, பிள்ளை அங்கேதான் தடுக்கி விழுகிறாள்.

கனடாவில் குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகளைப் பார்த்து கம்மின்ஸ் சொன்ன கணக்கு இது: பேச்சு மொழி வர ஏறக்குறைய 2 ஆண்டு, பாட மொழியில் மற்றவர்களை எட்டிப்பிடிக்க 5 முதல் 7 ஆண்டு. அதுவும் பள்ளிக்கு வெளியிலும் ஆங்கிலம் கேட்கிற ஊரில். நம் ஊர்ப் பிள்ளைக்கு அந்த வசதியும் இல்லை என்பதை நினைத்துக்கொண்டு மார்க் ஷீட்டைப் பாருங்கள்.

"நான் ஒவ்வொரு வரியையும் இங்கிலீஷ்ல வாசிச்சு உடனே தமிழ்ல சொல்லிடுறேன். இது போதாதா?"

இதுதான் பெரும்பாலான வகுப்புகளில் நடக்கிறது. என் கருத்தில் இருப்பதிலேயே மோசமான முறையும் இதுதான். முழுக்க ஆங்கிலத்தில் நடத்துவதைவிடவும் மோசம் என்றுகூடச் சொல்வேன்.

ஒரு வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து கவனித்தால் தெரியும். ஆசிரியர் ஆங்கில வரியை வாசிக்கும்போது பிள்ளைகள் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு இருப்பார்கள். "அதாவது..." என்று ஆசிரியர் தமிழுக்குத் தாவும்போதுதான் தலை நிமிரும். இன்னும் ஐந்து நொடியில் தமிழ் வரப்போகிறது என்று தெரிந்த பிறகு யார் ஆங்கிலத்தைக் கவனிப்பார்கள்? ஆசிரியர் நாள் முழுக்க இரண்டு மொழி பேசுகிறார், பிள்ளை ஒரு மொழிதான் கேட்கிறது.

இன்னொரு குறை: பிள்ளைகள் வாயே திறப்பதில்லை. ஆங்கிலமும் ஆசிரியருடையது, தமிழும் ஆசிரியருடையது. வீட்டு மொழியை வகுப்புக்குள் விடுவதன் முக்கியமான பயனே பிள்ளை தன் மனதில் இருப்பதைச் சொல்ல முடிவதுதான். வரிக்கு வரி மொழிபெயர்ப்பில் அதற்கு வழியில்லை.

"சரி, அப்போ ஒரு பீரியடை எப்படித்தான் பிரிக்கிறது?"

ஓர் உதாரணம் சொல்கிறேன். காற்றில் இருக்கும் நீராவி குளிர்ந்து தண்ணீராவதுதான் பாடம், ஆங்கிலத்தில் கண்டன்சேஷன். ஒரு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர், அதில் நாலு ஐஸ் துண்டு. கொஞ்ச நேரத்தில் டம்ளரின் வெளிப்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்து நிற்கும். "வெளியில இருக்கிற தண்ணி எங்கிருந்து வந்துச்சு?" என்று தமிழில் கேளுங்கள். பக்கத்தில் இருப்பவனோடு தமிழிலேயே பேசிவிட்டுச் சொல்லட்டும். வரும் பதில்கள் இப்படி இருக்கும்: "உள்ள இருக்கிற தண்ணி கசியுது." "டம்ளருக்கு வேர்க்குது." "ஐஸ் உருகி வெளிய வருது." ஓரிரு பிள்ளைகள் "காத்துல இருந்து" என்பார்கள், ஆனால் ஏன் என்று சொல்லத் தெரியாது.

இதே கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் 'டம்ளருக்கு வேர்க்குது' என்ற பதில் வந்திருக்காது. மொத்த வகுப்பும் மௌனமாக இருந்திருக்கும், அல்லது புத்தகத்தில் இருக்கும் வரியை ஒருவன் ஒப்பித்திருப்பான். தவறான எண்ணம் பிள்ளையின் மனதிலேயே பத்திரமாக இருந்திருக்கும். தவறு வெளியில் வந்தால்தானே திருத்த முடியும்? இப்போது டம்ளருக்குள், துணிக்குப் போடும் சொட்டு நீலத்தில் இரண்டு துளி விடுங்கள். உள்ளே நீலம், வெளியே துடைத்துப் பார்த்தால் நிறமே இல்லாத தண்ணீர். கசியவில்லை என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். அப்படியானால் மீதி இருப்பது காற்றுதான்.

இதுவரை தமிழ், சுமார் 15 நிமிடம். இனி ஆங்கிலம். போர்டில் மூன்றே சொல்: வேப்பர், கூல், கண்டன்ஸ். கூடவே பாதி வாக்கியம்: "தி ட்ராப்ஸ் கேம் ஃப்ரம் ... பிகாஸ் ..." ஒவ்வொரு ஜோடியும் அதை வாய்விட்டு நிரப்ப வேண்டும். இலக்கணத் தப்பு வந்தால் இருக்கட்டும். பிறகு புத்தகத்தில் அந்தப் பத்தியை ஆங்கிலத்தில் மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள். மொழிபெயர்க்காதீர்கள், கை துறுதுறுத்தாலும் வேண்டாம். விஷயம் தெரிந்திருப்பதால் அந்தப் பத்தி இப்போது பெரும்பாலும் புரியும். கடைசி 10 நிமிடம், நீலத் தண்ணீர் எதற்கு விட்டோம் என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுத வேண்டும்.

ஒரு மொழியில் வாங்கி இன்னொரு மொழியில் கொடுக்கும் இந்த முறையை வேல்ஸ் நாட்டில் கென் வில்லியம்ஸ் என்ற கல்வியாளர் 1990-களில் திட்டமிட்டு வகுப்புகளில் செய்தார். அங்கே வெல்ஷ், ஆங்கிலம். 'டிரான்ஸ்லாங்குவேஜிங்' என்று இன்று பயிற்சிகளில் அடிபடும் பெயரின் வேர் அங்கேதான் இருக்கிறது.

"கணக்குக்கு எதுக்கு மொழி? எண் எல்லா மொழியிலும் எண்தானே?"

எண் ஒன்றுதான், ஆனால் கணக்கைச் சொல்லும் வாக்கியம் ஒன்றல்ல. "சப்ட்ராக்ட் 3 ஃப்ரம் 8" என்று ஒரு கணக்கு. நிறையப் பிள்ளைகள் 3 – 8 என்று எழுதுவார்கள். காதில் விழுந்த வரிசையில் எழுதுகிறார்கள், அவ்வளவுதான். "8-லிருந்து 3-ஐக் கழி" என்று தமிழில் சொன்னால் சொல்லும் வரிசையும் எழுதும் வரிசையும் ஒன்று. அதே பிள்ளை 8 – 3 என்று சரியாக எழுதும். ஆகவே இந்தப் பிள்ளைக்குக் கழித்தல் தெரியாது என்று முடிவு கட்டுவதற்கு முன் தமிழில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். தமிழில் சரி, ஆங்கிலத்தில் தப்பு என்றால், நீங்கள் நடத்த வேண்டியது கழித்தலை அல்ல, 'ஃப்ரம்' என்ற ஒரு சொல்லை.

பின்னத்திலும் இப்படித்தான். "நான்கில் மூன்று பங்கு" என்னும்போது முழுசு எத்தனையாகப் பிரிந்தது என்பது முதலில் வந்துவிடுகிறது, அப்புறம் எத்தனை எடுத்தோம் என்பது. 'த்ரீ ஃபோர்த்ஸ்' என்று கேட்கிற பிள்ளைக்கு அந்த நான்கு எதைக் குறிக்கிறது என்பதே தெளிவாக இருக்காது. சப்பாத்தியை மடித்துக் காட்டி "நாலுல மூணு" என்று பலமுறை சொல்ல வைத்த பிறகு 'த்ரீ ஃபோர்த்ஸ்' என்று மாற்றினால் நிற்கும்.

தமிழுக்கு மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. "ராமுவிடம் 12 கோலிக்குண்டு. அது சோமுவிடம் இருப்பதைவிட 5 அதிகம். சோமுவிடம் எத்தனை?" என்று கேளுங்கள். ஆங்கிலத்தில் 'மோர்' என்று பார்த்ததும் கூட்டி 17 என்பவன், தமிழில் 'அதிகம்' என்று பார்த்ததும் 17 என்றுதான் சொல்வான். 'இந்தச் சொல் வந்தால் கூட்டு, அந்தச் சொல் வந்தால் கழி' என்று நாம் சொல்லிக்கொடுத்த குறுக்குவழி செய்த வேலை அது. அங்கே மொழியை மாற்றிப் பயனில்லை. யாரிடம் அதிகம் என்று படம் போட வேண்டும்.

"எந்தத் தமிழ்ல சொல்றது? 'ஒளிச்சேர்க்கை'ன்னாலும் முழிக்குதுங்க, 'போட்டோசிந்தசிஸ்'னாலும் முழிக்குதுங்க."

ஆரம்பம் பிள்ளையின் வாயில் இருக்கும் தமிழ்தான். "செடி வெயிலை வெச்சு இலையிலயே தனக்குச் சாப்பாடு செஞ்சுக்குது." கோயம்புத்தூர்ப் பிள்ளைக்கு அந்த ஊர்ப் பேச்சு, தூத்துக்குடிப் பிள்ளைக்கு அந்த ஊர்ப் பேச்சு. ஆங்கில வழி என்பதற்காகப் பேச்சுத் தமிழைத் தாண்டி நேராக ஆங்கிலக் கலைச்சொல்லுக்குப் போய்விடுகிறோம். நடுவில் தமிழ்க் கலைச்சொல்லையும் ஒருமுறை சொல்லிவிடுவது நல்லது. பல தமிழ்ச் சொற்கள் விளக்கத்தைத் தங்களுக்குள்ளேயே வைத்திருக்கின்றன. 'வெலாசிட்டி'யைப் பார்த்து எதையும் ஊகிக்க முடியாது. 'திசைவேகம்' என்றால் வேகத்தோடு திசையும் வேண்டும் என்பது பாதி புரிந்துவிடுகிறது.

அறிவியலுக்குத் தமிழ் தாங்காது என்று சிலர் இன்னும் சொல்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்ற அமெரிக்க மருத்துவர், மாணவர்களுக்கு மருத்துவத்தையே தமிழில் நடத்தி, பாடநூல்களையும் தமிழில் கொண்டுவந்தார். ஏழாம் வகுப்பு அறிவியலுக்கா தமிழ் போதாது?

"வீட்டுல பேசுற தமிழே பாடத்தைக் குழப்பிடாதா?"

குழப்பும். மளிகைக் கடையில் ஒரு கிலோ சர்க்கரையின் 'எடை' என்கிறோம். பாடத்தில் கிலோகிராமில் சொல்வது நிறை, எடை என்பது புவி இழுக்கும் விசை. 'வேலை' என்றாலும் அப்படித்தான்: தலையில் மூட்டையோடு அரை மணி நேரம் அசையாமல் நிற்பவர், இயற்பியல் கணக்கில் அந்த மூட்டையின் மீது வேலையே செய்யவில்லை என்றால் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் 'வெயிட்', 'வொர்க்' என்ற ஆங்கிலச் சொற்களிலும் இதே குழப்பம் இருக்கிறது. போர்டில் இரண்டு கட்டம் போட்டு, 'வீட்டில் இதற்கு என்ன அர்த்தம், பாடத்தில் என்ன அர்த்தம்' என்று எழுத வைத்தால் போதும்.

"தமிழ்ல பேசிக்கச் சொன்னா பாடம் பேச மாட்டாங்க, நேத்து மேட்ச் பத்திதான் பேசுவாங்க."

நேரம் அதிகம் கொடுத்தால் பேசத்தான் செய்வார்கள். இரண்டு நிமிடம், ஒரே கேள்வி, முடிந்ததும் யாரை வேண்டுமானாலும் எழுப்பி ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் கேட்பேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மேட்ச் பேச நேரம் இருக்காது.

"எங்க ஸ்கூல்ல தமிழ் பேசினா ஃபைன். நான் எப்படி வகுப்புல தமிழைப் பயன்படுத்துறது?"

தனியார் பள்ளி ஆசிரியர்கள் கேட்பது இது. கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 29-ல், இயன்றவரை குழந்தையின் தாய்மொழியே பயிற்றுமொழியாக இருக்க வேண்டும் என்கிறது. தேசியக் கலைத்திட்டம் 2005 பிள்ளைகளின் பல மொழிகளை வகுப்பின் பலமாகப் பார்க்கச் சொல்கிறது. தேசியக் கல்விக் கொள்கை 2020-உம் குறைந்தது ஐந்தாம் வகுப்பு வரை வீட்டு மொழியில் கற்பிக்கச் சொல்கிறது. அந்தக் கொள்கையோடு தமிழ்நாட்டுக்கு மற்ற விஷயங்களில் தகராறு இருக்கிறது, ஆனால் வீட்டு மொழியில் கற்பிப்பது அந்தத் தகராறின் மையம் அல்ல.

சட்டத்தைக் காட்டி நிர்வாகத்தோடு மோதச் சொல்லவில்லை, வேலை முக்கியம். தமிழுக்கு ஒதுக்கும் 15 நிமிடத்தைப் பாடக்குறிப்பிலேயே எழுதிவிடுங்கள்: இந்த இடத்தில், இந்தக் கேள்விக்கு, இந்தக் காரணத்துக்காக. வாய்க்கு வந்தபோதெல்லாம் தமிழுக்குத் தாவுவது வேறு, எழுதி வைத்துச் செய்வது வேறு என்று முதல்வருக்குத் தெரியும். கூடவே பிள்ளைகள் எழுதிய இரண்டு வரி ஆங்கில விடைகளையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட நல்ல வாதம் கிடையாது.

"கடைசியில பரீட்சை இங்கிலீஷ்லதானே எழுதணும்?"

ஆமாம். அதனால்தான் மேலே சொன்ன பீரியடில் கடைசி 10 நிமிடம் எழுதுவதற்கு. டம்ளர் பாடத்தில் அதை வெட்டிவிட்டால் மற்றதெல்லாம் நல்ல அரட்டையாக மட்டுமே மிஞ்சும்.

இடைப்பட்ட சிறு தேர்வுகளில் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம். விடையைத் தமிழில் எழுதினால் விஷயத்துக்கு மதிப்பெண், ஆங்கிலத்தில் எழுதினால் கூடுதலாக ஒன்று என்று வையுங்கள். ஆங்கிலம் தெரியாததால் விட்டானா, விஷயம் தெரியாததால் விட்டானா என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். 'எக்ஸ்ப்ளெயின்', 'டிஸ்டிங்விஷ்', 'கிவ் ரீசன்' போன்ற வினாச் சொற்களை மட்டும் தனியாக உட்கார்ந்து நடத்துங்கள். விடை தெரிந்தும் கேள்வி புரியாமல் மார்க் போகிற பிள்ளைகள்தான் எனக்கு அதிக வருத்தம் தருகிறவர்கள்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதுங்க. வீட்ல என்னால என்ன செய்ய முடியும்?"

உங்களால் முடிந்ததை டியூஷன் டீச்சராலும் செய்ய முடியாமல் போகலாம். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் தமிழ் வழிக்கும் ஆங்கில வழிக்கும் ஒரே பாடங்கள், ஒரே வரிசை, பெரும்பாலும் அதே படங்கள். அரசின் இணையதளத்தில் இரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன. பிள்ளையின் ஆங்கிலப் புத்தகத்துக்குத் துணையாகத் தமிழ்ப் புத்தகத்தையும் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் நடந்த பாடத்தை நீங்கள் முதலில் தமிழில் வாசியுங்கள். அப்புறம் பிள்ளையிடம் "இன்னைக்கு என்ன நடத்தினாங்க, எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். அவள் தமிழில்தான் சொல்வாள், சொல்லட்டும். எங்கே தடுமாறுகிறாள் என்று உங்களுக்குத் தெரியும், ஏனென்றால் நீங்கள் வாசித்திருக்கிறீர்கள்.

வீட்டிலும் பள்ளி மாதிரி ஆங்கிலம் பேச வேண்டும் என்று தெரிந்த நாலு வார்த்தையை வைத்துக்கொண்டு சிரமப்பட வேண்டாம். "வாட்டர் குடி, ரைஸ் சாப்பிடு" என்பதால் ஆங்கிலம் வளராது. உங்களோடு அவள் நீளமாகப் பேசுவது குறைந்துபோவதுதான் மிச்சம்.

"இப்பதான் போன்ல மொழிபெயர்ப்பு, ஏஐ எல்லாம் இருக்கே?"

ஒரு சொல்லுக்கு அர்த்தம் பார்க்க நன்றாகவே உதவும். முழுப் பத்தியையும் போட்டுத் தமிழில் வாங்கிப் படித்தால், நான்காவது கேள்வியில் சொன்ன வரிக்கு வரி மொழிபெயர்ப்பை ஆசிரியருக்குப் பதில் போன் செய்கிறது, அவ்வளவுதான்.

"என் வகுப்புல சிலருக்குத் தமிழே வீட்டு மொழி இல்லையே?"

ஓசூர்ப் பக்கம் தெலுங்கு, கன்னடம். வாணியம்பாடி, ஆம்பூரில் உருது. மதுரையில் சௌராஷ்டிரம். திருப்பூரில் ஒடியா, இந்தி பேசும் தொழிலாளர் பிள்ளைகள். இந்தப் பிள்ளைகளுக்கு ஆங்கில வழி வகுப்பில் நாம் தமிழில் விளக்குவது இரண்டாவது அந்நிய மொழி. இதை மறந்துவிட்டு 'தாய்மொழியில் சொல்கிறேன்' என்று திருப்திப்பட்டுக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆசிரியருக்கு ஒடியா தெரிய வேண்டியதில்லை. அதே மொழி பேசும் இரண்டு பிள்ளைகளை ஒன்றாக உட்கார வையுங்கள், அவர்களுக்குள் அந்த மொழியில் பேசிக்கொள்ளட்டும். தமிழ் கொஞ்சம் பிடிபட்ட மூத்த பிள்ளை ஒருத்தி இருந்தால் டம்ளர் கேள்வியை அவள் வழியாகக் கேட்கலாம். படம், பொருள், செய்துகாட்டுவது இன்னும் கூட வேண்டும். திருவள்ளூர்ச் செங்கல் சூளைகளில் ஒடிசாப் பிள்ளைகளுக்கு ஒடியா தெரிந்த ஆசிரியர்களை வைத்தே பாடம் நடத்தியதும் உண்டு. சாதாரணப் பள்ளியில் அந்த வசதி வராது. ஆனாலும் 'தண்ணிக்கு உங்க ஊர்ல என்ன சொல்வீங்க' என்று கேட்டு அந்தச் சொல்லையும் போர்டில் எழுத எந்த உத்தரவும் தேவையில்லை.

"எத்தனை வருஷம் இப்படித் தமிழ்ல சொல்லிட்டே இருக்கிறது?"

வகுப்பைவிடப் பாடத்தைப் பாருங்கள். எட்டாம் வகுப்புப் பையனுக்கு மின்சுற்று ஏற்கெனவே தெரியும் என்றால் ஆங்கிலத்திலேயே ஆரம்பிக்கலாம். அதே பையனுக்கு மரபியல் புதுசு என்றால் தமிழுக்குத் திரும்ப வேண்டும். பிளஸ் டூ வரை, கல்லூரியிலும்கூட, புதுக் கருத்து வரும் இடத்தில் தமிழ் தேவைப்படும். அது பின்னடைவு அல்ல. மூன்றாவது கேள்வியில் சொன்ன 5 முதல் 7 ஆண்டு என்ற கணக்கையும் நினைவில் வையுங்கள்.

"என் மகன் அமெரிக்காவுல இருக்கான். பேரன் ஸ்கூல்ல திணறுறான், வீட்ல இங்கிலீஷே பேசுங்கன்னு சிலர் சொல்றாங்க. சரியா?"

சரியில்லை. அங்கே இந்த விவாதத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் தெரியாத சீனப் பிள்ளைகளை எந்த உதவியும் இல்லாமல் ஆங்கில வகுப்பில் உட்கார வைத்தார்கள். எல்லாருக்கும் ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர் என்பது சம வாய்ப்பு ஆகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1974-ல் லாவ் எதிர் நிக்கோல்ஸ் வழக்கில் சொன்னது. கலிஃபோர்னியா 1998-ல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி இருமொழி வகுப்புகளைப் பெருமளவு முடக்கியது, 2016-ல் இன்னொரு வாக்கெடுப்பில் அதே மாநிலம் அதைத் திரும்பப் பெற்றது.

உங்கள் பேரனுக்கு ஆங்கிலம் பள்ளியிலும் விளையாட்டு மைதானத்திலும் வந்துவிடும். பள்ளியில் ஆங்கிலத்தில் கேட்ட பாடத்தை உங்களோடு வீடியோ காலில் தமிழில் பேசினால், அவன் இரண்டு மொழியிலும் அதைப் பிடித்துக்கொள்வான். தாத்தாவுக்கு அமெரிக்கப் பாடத்திட்டம் தெரியாதது இங்கே ஒரு வசதிதான். எல்லாவற்றையும் அவன்தானே விளக்கியாக வேண்டும்!

"கணக்கு, சயின்ஸ் முழுக்க இங்கிலீஷ்லயே நடத்திப் பார்த்த நாடு ஏதாவது இருக்கா?"

மலேசியா நமக்கு நெருக்கமான உதாரணம். 2003-ல் கணக்கும் அறிவியலும் ஆங்கிலத்தில்தான் என்று அரசு கொண்டுவந்தது, தமிழ்ப் பள்ளிகளும் அதில் அடக்கம். 2009-ல் அதைக் கைவிடுவதாக அறிவித்தது. ஆசிரியர்களே வகுப்பில் முழுக்க ஆங்கிலத்துக்கு மாறவில்லை, கிராமத்துப் பிள்ளைகள் பின்தங்கினார்கள் என்பவை அப்போது பேசப்பட்ட காரணங்கள். 2016-ல் இருமொழித் திட்டம் என்ற பெயரில், விரும்பும் பள்ளிகள் ஆங்கிலத்தில் நடத்தலாம் என்று மறுபடி கதவைத் திறந்தார்கள். தமிழ்ப் பள்ளிகளுக்கு அது தேவையா என்ற சர்ச்சையும் கூடவே வந்தது.

"இவ்ளோ சொல்றீங்களே, பேசாம தமிழ் வழியிலயே சேர்த்துடலாமே?"

என்னைக் கேட்டால், வீட்டில் ஆங்கிலம் இல்லாத பிள்ளைக்குத் தொடக்கப் பள்ளி தமிழ் வழியில் இருப்பதும், ஆங்கிலத்தை ஒரு பாடமாக நன்றாகக் கற்பிப்பதும்தான் நல்லது. 'ஒரு பாடமாக நன்றாக' என்பது பல இடங்களில் நடப்பதில்லை, அதனால்தான் பெற்றோர் ஆங்கில வழிக்கு ஓடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

முடிவெடுக்கும் முன் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். தமிழ் வழியில் படித்தவர்களுக்குத் தமிழ்நாடு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை 2010 சட்டப்படி உண்டு. பட்டப்படிப்பு மட்டும் தமிழில் இருந்தால் போதாது, பள்ளிப் படிப்பும் தமிழ் வழியாக இருக்க வேண்டும் என்று 2020-ல் திருத்தினார்கள். அரசுப் பள்ளியில் படித்தாலும் ஆங்கில வழி என்றால் இது கிடையாது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு வேறு, அதற்குப் பயிற்றுமொழி நிபந்தனை இல்லை. பல பெற்றோர் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

"அஞ்சாவது வரை தமிழ் வழி. ஆறாவதுல ஆங்கில வழிக்கு மாத்துறோம். பையன் தாங்குவானா?"

தமிழில் நன்றாக வாசிக்கிற, கணக்குப் புரிந்த பையன் என்றால் தாங்குவான். முதல் மூன்று மாதம் மதிப்பெண் குறையும், அதற்குப் பயந்து திரும்ப மாற்றாதீர்கள். கோடை விடுமுறையில் புதுப் பாடம் எதுவும் வேண்டாம். ஐந்தாம் வகுப்புக் கணக்கு, அறிவியல் புத்தகங்களின் ஆங்கிலப் பதிப்பை இறக்கிக் கொடுங்கள். அவனுக்கு எல்லாமே தெரிந்த விஷயம், மொழி மட்டும் புதுசு. ஒரு நாளைக்கு ஒரு பக்கம், வாய்விட்டு வாசிக்கட்டும். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் வாக்கியங்களை ஆங்கிலத்தில் கேட்டு எண்ணாக எழுதப் பழகட்டும், குறிப்பாக அந்த 'ஃப்ரம்'. 'தர்ட்டீன்', 'தர்ட்டி' போன்ற ஜோடிகளைக் காதால் பிரித்தறிய வேண்டும். நீங்கள் சந்தைக்குப் போகும்போது விலையை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னாலே பழகிவிடும். ஜூனில் பள்ளி திறந்ததும், பையன் தமிழ் வழியிலிருந்து வந்தவன் என்று வகுப்பாசிரியரிடம் நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள்.